திரியாயில் நின்ற சிவப்புப் புள்ளி

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு அம்புலன்ஸ். அது வடக்கே போனால் நகரத்துக்கு வாகனம் இல்லை. நகரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தால் வடக்கே யார் துடித்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். நகரத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்த ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில், தொலைபேசிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு வாகனம் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று சொல்வது என் வேலை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப்போய்ப் பார்க்கிற ஒருத்திக்கு இதைவிடப் பொருந்தாத வேலை இருக்க முடியாது.

அம்மா என்னைப் பற்றி அயலில் சொல்லுவார்: "மழை இருட்டினா எல்லாரும் கொடியில கிடக்கிற உடுப்பை எடுப்பினம். இவள் வெயில் எறிக்கேக்கையே எடுத்து மடிச்சு வைச்சிடுவாள். காயாட்டிலும் பரவாயில்லையாம்."

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகளாக வந்த சனம் தங்கியது, பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகள் விறகாயின. மறுபடி வகுப்புகள் தொடங்கியபோது நான் ஒரு துணிக்கடையில் நின்றேன். அங்கே வந்துபோன சனத்தோடு பேசிப்பேசிச் சிங்களமும் வந்தது. அதையும் பார்த்துத்தான் அம்புலன்ஸ் சேவையில் என்னை எடுத்தார்கள். சேவைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற தாதி. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம். என்னைத் தெரிவு செய்த அன்று மிஸ்ஸி சொன்ன காரணம் எனக்கு இன்னும் ஞாபகம்: "பயந்த பிள்ளை. போனை விட்டிட்டு எங்கையும் போகமாட்டாள்."

அது உண்மைதான். போனை விட்டுப் போகமாட்டேன். அதோடு, வாகனம் வாசலைத் தாண்டியவுடன் சாரதிக்கு எடுத்து "எங்க நிக்கிறீங்கள் அண்ணை?" என்று கேட்பேன். அப்போதுதான் எங்கள் பக்கம் கைத்தொலைபேசி வந்திருந்தது. அலுவலகத்துக்கென்று ஒன்றை வாங்கி வாகனத்தில் வைத்திருந்தோம். சாரதி அண்ணை பெரிய உடம்பும் சின்னக் குரலும் கொண்ட மனிதர். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, என்ரை மனுசிகூட என்னை இவ்வளவு தேடமாட்டா. அவவுக்கு இதைச் சொல்லிப்போடாதையும்."

சமாதானம் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. யுத்தம் முடியவில்லை, சும்மா இருந்தது. வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் வந்தன, கூடவே எங்களுக்கு ஒரு கொம்பியூட்டரும் வந்தது. அதில் ஒரு மென்பொருள். அழைப்பு வந்தால் கட்டம் கட்டமாகக் கேள்விகள் இருக்கும். பதிலை அடித்தால் மாவட்ட வரைபடத்தில் நோயாளி இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எழும்பும். அம்புலன்ஸ் ஒரு பச்சைப் புள்ளி. யார் அழைத்தார்கள், எப்போது வாகனம் புறப்பட்டது, எப்போது சேர்ந்தது என்று எல்லாம் பதிவாகிவிடும். வெளிநாடுகளில் பொலிசுக்கும் தீயணைக்கிறவர்களுக்கும் அம்புலன்சுக்கும் இதுதான் கண் என்றார்கள்.

அதைப் பூட்டித்தர வந்தவர் கிண்ணியாக்காரர். கொழும்பில் படித்தவர், முப்பது வயதிருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரை நானா என்றோம். அந்த நாடுகளில் வாகனம் தான் நிற்கிற இடத்தைத் தானே அறிவிக்குமாம். எங்கள் ஊரில் அப்படியொரு கருவியை வாகனத்தில் பூட்டி ஆமிக்காரர் கண்டால், அன்றைக்கே வாகனத்தையும் காணமாட்டோம், சாரதியையும் காணமாட்டோம். ஆனபடியால் நானா ஒரு வழி செய்தார். அண்ணை போகிற வழியில் இன்ன இடத்தில் நிற்கிறேன் என்று போனில் சொல்ல, நான் பச்சைப் புள்ளியைக் கையால் இழுத்து அந்த இடத்தில் விடவேண்டும்.

"வெளிநாட்டில சட்டலைட் செய்யிற வேலைய இஞ்ச நீங்க செய்றீங்க தங்கச்சி," என்றார் நானா.

அண்ணை கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். "அப்ப இவ சட்டலைட்டோ? அதுதான் எந்த நேரமும் என்னைச் சுத்திக்கொண்டு நிக்கிறா."

அன்றிலிருந்து எனக்கு அதுவே பேர்.

வரைபடத்துக்கு அனுமதி எடுக்கப் பல மேசைகளுக்குப் போய்வந்தார்கள். அது திரும்பி வந்தபோது, பாதுகாப்பு என்று துறைமுகப் பக்கத்தை அழித்து வெறும் வெள்ளையாக விட்டிருந்தார்கள். யன்னலால் பார்த்தால் கப்பல் தெரிகிறது, வள்ளம் தெரிகிறது, கடற்படையின் கொடிகூடத் தெரிகிறது. திரையில் ஒன்றும் இல்லை. அந்த வெள்ளை எங்கள் அலுவலகத்தையும் கொஞ்சம் தின்றுவிட்டது. "மிஸ்ஸி, நாங்கள் இல்லாத ஆக்கள் கண்டீங்களோ," என்று அண்ணை பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத இடத்திலிருந்து புறப்படுகிற வாகனம் எப்படி ஒரு இடத்துக்குப் போய்ச் சேரும் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

கட்டங்கள் எல்லாம் இங்கிலீசில் இருந்தன. மிஸ்ஸி காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டித் தந்தார். அவற்றில் பேனையால் தமிழில் எழுதித் திரையின் ஓரத்தில் வரிசையாக ஒட்டினேன். பேர். அடையாள அட்டை இலக்கம். விலாசம். என்ன நடந்தது. அட்டை இலக்கம் எதற்கு என்று நான் கேட்டதற்கு, பதிவுகளைப் பார்க்கவேண்டியவர்கள் அது இல்லாமல் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார் நானா. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்தில் அட்டை இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டோம்.

அதற்கு முன் அழைப்பு வந்தால் நான் கேட்கிற முதற்கேள்வி "எங்க வரவேணும்?" என்பதுதான். சனம் தங்கள் பாட்டில் சொல்லும். ஆலடிச் சந்தியால் திரும்பி, கூரை இல்லாத வீட்டையும் தாண்டி, ஆடு கட்டிக் கிடக்கிற படலை. ஆடு அங்கே நிற்காவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம் பிடிக்கும். கட்டங்கள் வந்தபிறகு அந்தப் பயம் குறைந்தது. கேள்வி அதன்பாட்டில் வரிசையாக வரும், நான் கேட்டு அடித்தால் போதும்.

உண்மையைச் சொன்னால் அந்த மென்பொருளில் எனக்கு மெல்ல மெல்ல ஆசை வந்துவிட்டது. முன்பு ஒரே விபத்துக்கு நாலு பேர் எடுத்தால் நாலு விபத்து என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது நாலு சிவப்புப் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று விழும், ஒரே இடம்தான் என்று கண்ணுக்குத் தெரியும். பின்னேரம் வேலை முடிந்து போகும்போது அன்றைய புள்ளிகளைப் பார்ப்பேன். இவ்வளவு பேருக்கு இன்று வருத்தம் வந்தது என்று தோன்றாது. இவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்தோம் என்று தோன்றும். எனக்கு அது புதிது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஹர்த்தால் நாள் வந்தது.

எதற்கு ஹர்த்தால் என்று இப்போது ஞாபகம் இல்லை. மாதத்தில் ஒன்றாவது வரும். கடைகள் பூட்டு, பஸ் இல்லை, முச்சக்கர வண்டி இல்லை, சந்திகளில் ரயர் எரியும். அம்புலன்சை மட்டும் விடுவார்கள். முதல்நாளே அலுவலகத்துக்கு வந்திருந்த நானா கிண்ணியாவுக்குத் திரும்ப முடியாமல், மூலையில் இருந்து பிரிண்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். அண்ணை முற்றத்தில் வாகனத்தைக் கழுவினார். மத்தியானம் திரும்பி வெயில் சரிகிற நேரம் தொலைபேசி அடித்தது.

ஒரு பெண்ணின் குரல். ஓடிவந்த மூச்சு.

"அம்புலன்ஸ்தானே? இவருக்குப் பாம்பு கடிச்சுப்போட்டுது. என்ரை மனுசனுக்கு."

"ஓம் அக்கா, வாறம். அவற்றை பேரைச் சொல்லுங்கோ."

சொன்னார்.

"ஐசி நம்பர்?"

"பொறுங்கோ, கையிலதான் கிடக்கு." அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.

"விலாசம்?"

அதையும் வாசித்தார். கடைசியில் திரியாய் என்றார்.

நான் அடித்தேன். வரைபடம் வடக்கே நகர்ந்து, நிலாவெளி தாண்டி, குச்சவெளி தாண்டி, திரியாயில் சிவப்புப் புள்ளி எழும்பி நின்றது.

"எப்பிடிக் கடிச்சது அக்கா?"

"விறகு இழுக்கேக்கை. பத்தைக்குள்ளை கிடந்திருக்கு. புடையன் எண்டு சொல்லினம். கால் வீங்கிக்கொண்டு வருது."

பக்கத்தில் நின்று கேட்ட மிஸ்ஸி தலையை ஆட்டினார். அந்த மாதங்களில் திரியாய்ச் சனம் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. எத்தனையோ வருசம் காடு பிடித்துக் கிடந்த வளவுகளை வெட்டித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். பத்தை, விறகு, புடையன். எல்லாம் பொருந்தி வந்தது. குச்சவெளியில் ஏதோவொரு கொமினிக்கேசன் கடையின் பின்கதவைத் தட்டி உள்ளே போய் எடுக்கிறார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அப்போது வீட்டில் போன் இல்லாத சனம் எல்லாம் அந்தக் கடைகளுக்குப் போய்த்தான் கதைக்கும்.

"அண்ணை, திரியாய்!" என்று யன்னலால் கத்தினேன். வாளியைப் போட்டுவிட்டு அவர் வாகனத்தில் ஏறினார்.

"இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அங்காலை சிக்னல் கிடையாது. பாலத்தடியில நிப்பாட்டி எடுக்கிறன், சட்டலைட். அதுக்குப் பிறகு என்னைக் கடவுள்தான் பாக்கவேணும்."

பாலத்துக்கு அப்பால் சோதனைச் சாவடி. சமாதானக் காலம் என்றாலும் சோதனை சோதனைதான். கட்டிலை இறக்கவேண்டும், ஒட்சிசன் சிலிண்டரை இறக்கவேண்டும், சீற்றைத் தூக்கிக் காட்டவேண்டும். போகும்போதும் அதே பாடு, வரும்போதும் அதே பாடு. அதைத் தாண்டிவிட்டால் எங்கள் வாகனம் எங்களிடம் இல்லை.

நான் போனை வைக்கவில்லை. மிஸ்ஸி சொல்லச் சொல்ல அந்த அக்காவுக்குச் சொன்னேன். காலை ஆட்டவேண்டாம். வெட்டவேண்டாம். வாயால் உறிஞ்சவேண்டாம். நடக்க விடவேண்டாம். அவர் கடைக்கு வெளியே நின்ற யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்லி அனுப்புவது கேட்டது. சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் வைக்க மனம் வரவில்லை. வைத்தால் அவர் தனித்துப் போவார், நானும் தனித்துப் போவேன்.

"வாகனம் வெளிக்கிட்டிட்டுதோ பிள்ளை?"

"ஓம் அக்கா. வடக்கால உப்புவெளியைத் தாண்டியிருக்கும்."

"உப்புவெளியையோ?" என்றார். அவர் குரலில் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அந்த நேரம் நகரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். பின்னேரத்து அசர் தொழுகைக்கான நேரம். நானா கையிலிருந்த திருகாணியை வைத்துவிட்டு எழும்பினார். பாதியில் கரண்ட் போய்விட்டது. தலைக்கு மேல் காற்றாடி நின்றது, ஒலிபெருக்கி அறுந்தது, மேசைக்குக் கீழே கொம்பியூட்டருக்குக் கரண்ட் தேக்கி வைக்கிற பெட்டி கீக் கீக் என்று அழத் தொடங்கியது.

போனுக்குள்ளும் ஒரு ஒலி அறுந்தது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ கொஞ்ச நேரமாக அந்த அக்காவின் குரலுக்குப் பின்னால் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, இப்போது இல்லை. யன்னலுக்கு வெளியேயும் இல்லை. நான் நானாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்ன?" என்றார்.

"போனுக்கையும் பாங்கு நிண்டுது நானா."

அவர் வந்து றிசீவரில் காதை வைத்தார். ஒலிபெருக்கி இல்லாமல் வெறும் தொண்டையால் பாங்கு தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. போனுக்குள் கிட்ட இருந்து, தெளிவாக. "இது இந்த ரவுண் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார்ர குரல் தங்கச்சி," என்றார். "இவர் எங்க குச்சவெளிக்குப் போனார்?"

றிசீவரை அவரிடமிருந்து திரும்ப வாங்கினேன்.

"அக்கா, நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?"

"கொமினிக்கேசனில."

"எந்த இடத்துக் கொமினிக்கேசன்?"

அவர் றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு யாரையோ தள்ளி நிற்கச் சொன்னார்.

"அக்கா?"

"நாங்கள் இஞ்சை பதியேல்லைப் பிள்ளை," என்றார் மெதுவாக. "தெரிஞ்ச ஆக்களின்ரை வீட்டுக்குப் பின்னாலை ஒரு கொட்டில். ஐசியில கிடக்கிறது திரியாய்தானே. அதைத்தான் எங்கையும் சொல்லுறது."

அவ்வளவுதான் விசயம். யுத்தம் தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் சனம் சாவடிகளில் கற்றுக்கொண்ட பாடம் அது. அட்டையைக் கையில் எடுத்தால் அட்டையில் உள்ளதைத்தான் சொல்லவேண்டும். அட்டையில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் இறங்கி ஒரு பக்கமாக நிற்கவேண்டியதுதான். பொலிசில் பேர் பதியாமல் ஒரு வீட்டில் தங்கியிருந்தால் அந்த வீட்டுக்காரருக்கும் கரைச்சல். நாங்கள் முதலில் அட்டை இலக்கத்தைக் கேட்டோம். பிறகு விலாசத்தைக் கேட்டோம். அவர் சாவடியில் நிற்கிற மாதிரியே பதில் சொன்னார்.

"நான் பொலிஸ் இல்லை அக்கா. எனக்கு வாகனம் அனுப்ப மட்டும்தான் தெரியவேணும். எங்க வரவேணும்?"

பழைய கேள்வி தானாக வாயில் வந்தது. அவர் உடனே சொன்னார்: "பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கை. இடிஞ்ச மாடி வீட்டுக்குப் பக்கத்தாலை."

பெரியாஸ்பத்திரிக்கு அங்கிருந்து அதிக தூரம் இல்லை. எங்கள் வாகனமோ வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவை லைனில் விட்டபடி நானாவின் கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்கினேன்.

அண்ணைக்கு எடுத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தேன். இல்லை. நிலாவெளி வீதியில் சிக்னல் சில இடத்தில் வரும், சில இடத்தில் போகும். மிஸ்ஸி தன் பையை எடுத்துத் தோளில் போட்டார். "நானா, உம்மடை மோட்டசைக்கிளை எடும்."

"மிஸ்ஸி, நீங்க அதில ஏறுவீங்களா?"

"நான் ஏறுறது இருக்கட்டும். நீர் ஓடுவீரோ எண்டு பாரும்."

நானா போகமுன் தன் கைத்தொலைபேசியைத் திரும்ப வாங்கிப் பள்ளிவாசலுக்கு எடுத்து, ஹவுள் தண்ணீர்த் தொட்டியடியில் கை கால் கழுவிக்கொண்டு நிற்கிறவர்களை ஒரு கதிரையோடு பின் ஒழுங்கைக்குப் போகச் சொன்னார். "நடக்க விடாம, இரிக்கவெச்சுத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் வாங்க." பிறகு மிஸ்ஸி சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏற, மோட்டசைக்கிள் போய்விட்டது.

நான் தனியே. ஒரு காதில் அந்த அக்கா. மேசைக்குக் கீழே பெட்டி கீக் கீக். திரியாயில் சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. அதில் ஒரு பிழையும் இல்லை, நாங்கள் சொன்ன இடத்தில்தான் அது நின்றது.

"அக்கா, ஆக்கள் வருகினம், கதிரையோடை. நீங்கள் ஓடிப்போய் வழியைக் காட்டுங்கோ."

"போனை வைக்கட்டோ?"

"வையுங்கோ அக்கா," என்றேன். என் வாழ்க்கையில் நான் முதலில் போனை வைக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

வைத்தபிறகு மறுபடி அண்ணைக்கு எடுத்தேன். கிடைக்கவில்லை. அண்ணை பாலத்தடியில் நிறுத்தி எனக்கு எடுப்பாரா? பாம்புக்கடி. அவசரம். நான் ஓயாமல் எடுத்து அலுப்புக் கொடுக்கிறவள். இன்றைக்கு ஒரு நாள் நிறுத்தாமல் போய்விடுவோம் என்று நினைத்தால்? நானாக இருந்தால் அப்படி நினைத்திருப்பேன். சாவடிக்குள் போய்விட்டால் அந்த மனிதன் கதிரையில் எவ்வளவு தூரம் வருவான்? சந்தியில் ரயர் எரிகிறதே, தூக்குகிறவர்களை மறித்தால்? யன்னலுக்கு வெளியே உள்துறைமுகம் அதன்பாட்டில் கிடந்தது. ஒரு வள்ளத்தில் யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கொம்பியூட்டர் கடைசியாக ஒரு தடவை கத்திவிட்டு இருண்டது.

தொலைபேசி அடித்தது.

"பாலத்துக்கு இஞ்சாலை நிக்கிறன். புள்ளியை நகர்த்தும்."

"அண்ணை, திரும்புங்கோ!"

"என்ன?"

"ஆள் திரியாயில இல்லை. ரவுணுக்கை. பள்ளிக்குப் பின்னாலை. தூக்கிக்கொண்டு வருகினம், ஆஸ்பத்திரி வீதியால. திரும்புங்கோ அண்ணை!"

எதற்கு, எப்படி என்று கேட்பார், நான் விளக்கவேண்டும் என்று பயந்தேன். கேட்கவில்லை. கியர் விழுகிற சத்தம் கேட்டது.

"திரும்பிட்டன்," என்றார்.

நடந்ததைப் பிறகு நானாதான் சொன்னார். நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அந்த மனிதரை இருத்தி, ஒரு துண்டால் மார்போடு கட்டி, கடிபட்ட காலுக்குப் பலகை வைத்து, ஆள் மாறி ஆள் மாறித் தூக்கியிருக்கிறார்கள். மிஸ்ஸி பக்கத்தில் நடந்துகொண்டு "ஆட்டாதையுங்கோ, ஆட்டாதையுங்கோ" என்று அதட்டியிருக்கிறார். சந்தியில் ரயர் எரித்துக்கொண்டு நின்ற பெடியள் முதலில் ஊர்வலம் ஏதோ வருகிறது என்று நினைத்தார்களாம். விசயம் தெரிந்ததும் ரயரைத் தடியால் இழுத்து வழி விட்டதுமல்லாமல், இரண்டு பேர் கதிரைக் காலையும் பிடித்தார்கள். அண்ணையின் வாகனம் பின்னால் ஹோன் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி மதில் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் மிச்சம்.

"அவ்வளவு தூரம் ஓடி வந்து, மதிலடியில வைச்சு ஆளைத் தந்தாங்கள்," என்று அண்ணை கனநாள் குறைப்பட்டார். "அதையும் தாங்களே கொண்டுபோயிருக்கலாம். எனக்கு வெக்கம் மிஞ்சினது."

தூக்கிவந்தவர்கள் அசர் தொழுகையை ஆஸ்பத்திரி வளவில், ஒரு வேம்புக்குக் கீழே தொழுதுவிட்டுப் போனார்களாம்.

ஆள் பிழைத்துக்கொண்டார். விசமுறிவு மருந்து நேரத்துக்கு ஏறியதால் காலும் தப்பியது என்று மிஸ்ஸி வார்ட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தேத்தண்ணி சீனியில்லாமல் ஊற்றிவிட்டேன், எல்லோரும் அப்படியே குடித்தார்கள்.

கரண்ட் வந்தபிறகு பதிவை முடிக்க வேண்டியிருந்தது. வாகனம் என்ற கட்டத்தில் நான் கதிரை என்று அடித்தேன். மென்பொருள் ஏற்கவில்லை. நானா பின்னால் நின்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விலாசக் கட்டத்தை விரலால் தொட்டார்.

"என்ர ஐசிலயும் பழைய வீட்டு விலாசம்தான் தங்கச்சி. ஆரும் கேட்டா அதத்தான் சொல்லுவன்."

"என்ரையிலும்தான்," என்றார் மிஸ்ஸி. "அந்த வீட்டில இப்ப நாய்கூட இல்லை."

கட்டங்களை மாற்றக் கொழும்புக்கு எழுதவேண்டும், அங்கிருந்து வெளிநாட்டுக்கு எழுதுவார்கள், காலம் எடுக்கும் என்றார் நானா. மிஸ்ஸி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிளாஸ்டரில் நீளமாக ஒரு துண்டு வெட்டித் தந்தார். நான் எழுதினேன்: இப்ப எங்க நிக்கிறியள்? எல்லாத் துண்டுகளுக்கும் மேலே அதை ஒட்டினோம். கட்டம் இல்லாத கேள்வி அது. பதிலை அடிக்க இடம் இல்லாமல், குறிப்பு எழுதுகிற மூலையில் அடித்தேன். பல மாதம் கழித்து நானா சிரித்துக்கொண்டு ஒரு டிஸ்க்கோடு வந்தார். இப்போது உள்ளேயே ஒரு கட்டம், முதலாவதாக. புள்ளி அதைப் பார்த்துத்தான் எழும்பும். அட்டை இலக்கம் கடைசிக்குப் போய்விட்டது.

ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சனம் உடனே பதில் சொல்லிவிடவில்லை. "ஏன் கேக்கிறியள்?" என்பார்கள். "வாகனம் வரத்தான்" என்பேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும். நான் போனை வைக்கமாட்டேன். அது எனக்குத் தெரிந்த வேலைதானே. கடைசியில் சொல்லுவார்கள்: அக்காவின் வீட்டுத் தாழ்வாரம், கோயில் மடம், கட்டி முடியாத பள்ளிக்கூடம். வரைபடத்தில் புள்ளிகள் மெல்ல மெல்ல வேறு இடங்களில் விழத் தொடங்கின. அட்டை சொல்கிற மாவட்டம் ஒன்று, சனம் இருக்கிற மாவட்டம் இன்னொன்று. இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை பாலத்தடியில் நிறுத்தி எடுப்பதை ஒருநாளும் விடவில்லை. அந்த ஹர்த்தால் அன்று ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நிப்பாட்டாமல் போனா நீர் அங்கை இருந்து செத்துப்போவீர். பிறகு எனக்குப் புதுச் சட்டலைட் ஆர் தாறது?" என்றார்.

பிறகும் கெட்ட காலம் வந்தது. சிக்னலை வெட்டுவார்கள், வீதியைப் பூட்டுவார்கள், வாகனம் முற்றத்திலேயே நிற்கும். நான் அதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அந்தக் கெட்ட காலத்துக்கு முன், சமாதானக் கதை கொஞ்சம் மிச்சம் இருந்த ஒரு காலையில் வந்த ஒரு அழைப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

"பிள்ளை, நான்தான்," என்றது குரல். பேர் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது.

"அக்கா! அவருக்கு என்ன?"

"அவருக்கு ஒண்டும் இல்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு போட்டார். இது அயல் வீட்டுப் பிள்ளைக்கு. காய்ச்சல், நேற்றிலிருந்து இறங்குதில்லை."

அயல் வீடு என்றார். அது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

"இப்ப எங்க நிக்கிறியள் அக்கா?"

"திரியாயில."

என் கை விசைகளின்மேல் நின்றது. அண்ணை கதவடியில் வாகனத் திறப்போடு தயாராக நின்று என்னைப் பார்த்தார்.

"நான் ஐசியைக் கேக்கேல்லை அக்கா. உண்மையா எங்க நிக்கிறியள்?"

அவர் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல். "உண்மையாத்தான் பிள்ளை. இஞ்சை கடையில போன் வந்திட்டுது. பொறும், கேளும்." றிசீவரை வெளியே நீட்டினார் போலிருக்கிறது. காற்று இரைந்தது. தூரத்தில் யாரோ மண்வெட்டியால் கொத்துகிற சத்தம். பிறகு கிட்டத்தில் ஒரு மயில் தொண்டை கிழியக் கத்தியது.

முதற்கட்டத்தில் திரியாய் என்று அடித்தேன். கீழே வந்து விலாசக் கட்டத்திலும் அதையே அடித்தேன். வரைபடம் வடக்கே நகர்ந்து, சிவப்புப் புள்ளி அன்று நின்ற அதே இடத்தில் எழும்பி நின்றது.

"என்ன சட்டலைட்," என்றார் அண்ணை, "இந்த முறை பாலத்தைத் தாண்டலாமோ?"

"தாண்டுங்கோ அண்ணை," என்றேன். "ஆனா தாண்ட முதல் எனக்கு எடுத்திட்டுத் தாண்டுங்கோ."